மன்னார்க் கூத்தைப் புதிதாக்குவோம். நட்டத்தை அண்ணாவியார் தலையில் ஏற்ற வேண்டா

மன்னார்ப் பகுதியில் கோயில் திருநாட்களும் கலைவிழாக்களும் வருந்தோறும் ஒரு பேச்சு எழுவதும், விழா முடிந்து பந்தல் பிரித்தவுடன் அப்பேச்சு அடங்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டன. “எங்கள் அண்ணாவிமார் ஆட்டுவித்த கூத்துகளை மீண்டும் மேடையேற்ற வேண்டும், இக்காலத்துக்கேற்பச் சுருக்கிச் செப்பனிட்டு இளைஞர் கண்முன் நிறுத்த வேண்டும்” என்பர் ஒரு சாரார். “நல்லதுதான், ஆனால் பணம் எங்கே? போட்ட பணம் திரும்புமா?” என்பர் மறு சாரார். முன்னவரிடம் ஆர்வம் உண்டு, கணக்கில்லை. பின்னவரிடம் கணக்கு உண்டு. எனினும் அக்கணக்கில் எது செலவு, எது வரவு, எவர் கையிலிருந்து எது போகின்றது என்ற தெளிவில்லை. ஆகவே இவ்விடயத்தை ஒரு வழக்கை விசாரிப்பது போல இரு பக்கமும் கேட்டு ஆராய்தல் வேண்டும்.

எமது முடிவை முதலிலேயே கூறிவிடுகின்றோம். பழைய கூத்தைப் புதிதாக்குவதற்குச் செலவிடும் பணம் வீண்பணமன்று. ஆனால் இன்று அச்செலவு செய்யப்படும் முறை அநீதியானது. வெற்றியின் மாலை மேடைத் தலைவர்களுக்கு, தோல்வியின் கடன் அண்ணாவியார்க்கும் ஆடினோர்க்கும் என்ற ஏற்பாடு நீடிக்குமட்டும் எந்தக் கூத்தும் இரண்டாம் முறை மேடையேறப் போவதில்லை.

பிறர் கண்ட பாடம்

பழைய ஆக்கத்தைப் புதிதாக்கினால் ஆதாயமா நட்டமா என்ற கேள்வி மன்னாருக்கு மட்டும் உரியதன்று. கோடி கோடியாக டொலர் புரளும் கணினி விளையாட்டுத் தொழிலிலும் இன்று இதே கேள்விதான். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து ஒரு தலைமுறையின் நெஞ்சைக் கவர்ந்த விளையாட்டுகள், இயந்திரங்கள் மாறியதால் ஆட முடியாதவையாயின. அவற்றைப் புதிய இயந்திரத்துக்கு ஏற்பத் திரும்பவும் ஆக்கி விற்கலாம் எனப் பெருநிறுவனங்கள் முனைந்தன. விளைவு ஒன்றுபோல அமையவில்லை.

ஜப்பானின் கப்கொம் நிறுவனம் 1998 இல் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில் 2’ என்ற விளையாட்டை அடியிலிருந்து புதிதாக்கி 2019 இல் வெளியிட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2002 இல் வெளியிட்ட ‘வார்கிராஃப்ட் 3’ ஐ 2020 சனவரியில் புதிதாக்கியது. சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்று வாங்கியோர் கொதித்தெழுந்தனர்; பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் நேர்ந்தது. அதனினும் கொடியது யாதெனில், பழைய விளையாட்டை முன்பே விலைகொடுத்து வாங்கியிருந்தவர்களும் புதியதன் வழியாகவே அதனை ஆட வேண்டியதாயிற்று. புதியதும் நன்றாக அமையவில்லை. பழையதும் பழையபடி கைக்கு எட்டவில்லை.

நமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. பிரான்சின் யூபிசொஃப்ட் நிறுவனம் 2003 இல் வெளிவந்த ‘பிரின்ஸ் ஒப் பேர்சியா’ விளையாட்டொன்றைப் புதிதாக்கும் பணியைப் பூனே, மும்பாய் நகரங்களிலுள்ள தன் கிளைகளிடம் ஒப்படைத்து, 2020 செப்டெம்பரில் உலகறிய அறிவித்தது. முன்னோட்டத்தைக் கண்ட பழைய இரசிகர் முகஞ்சுளித்தனர். வெளியீட்டு நாள் மீண்டும் மீண்டும் தள்ளிப்போயிற்று. 2022 இல் பணி கனடாவின் மொன்றியல் நகருக்கு மாற்றப்பட்டது. 2026 சனவரியில் எல்லாம் கைவிடப்பட்டது. ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒரு நாள் அறிவிப்போடு முடிந்தது.

இதற்கு மாறான வழியும் உண்டு. 1994 இல் வெளிவந்த ‘சிஸ்டம் ஷொக்’ என்ற விளையாட்டைப் புதிதாக்க முனைந்த சிறிய நிறுவனமொன்று 2016 இல் அதன் அன்பர்களிடமே கையேந்திற்று. இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்டோர் சிறுசிறு தொகையாகக் கொடுத்தது பதின்மூன்று இலட்சம் டொலரைத் தாண்டிற்று. 2018 இல் வேலை தடம்மாறி நின்றது. திருத்திக்கொண்டு மீளத் தொடங்கி 2023 இல் முடித்தனர். இடையில் நின்றபோதும் எவர் குடியும் கெடவில்லை. ஏனெனில் எவரும் தம் குடும்பத்தை ஈடுவைத்துக் கொடுக்கவில்லை.

தமிழ்ப் படவுலகிலும் இதனைக் கண்டோம். 1964 இல் பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ படத்தின் படச்சுருளைச் செப்பனிட்டு, ஒலியையும் ஒளியையும் தெளிவாக்கி, 2012 இல் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் வெளியிட்டபோது அது நூறு நாளுக்கு மேல் ஓடிற்று. அங்கே எவரும் கதையை மாற்றவில்லை. சிவாஜி கணேசனுக்குப் பதில் வேறொருவரை நிறுத்தவும் இல்லை. அழுக்கைத் துடைத்தனர்; அவ்வளவே.

இவற்றிலிருந்து ஒரு வழக்கறிஞன் பெறும் தீர்ப்பு இது: பழையதன்மேல் மக்களுக்குள்ள அன்பு, முதலுக்குப் பிணையாகாது. அந்த அன்பே மிகக் கடுமையான நீதிபதியுமாகும். எனவே நட்டம் வரலாம் என்று எதிர்பார்த்து, வந்தால் அது எப்படிப் பங்கிடப்படும் என்பதை முன்னரே எழுதிவைத்துக்கொண்டு தொடங்குதலே முறை.

பழையதும் ஒருகாற் புதிதாக்கியதே

“கூத்தைத் தொடாதீர்கள், தொட்டாற் கெட்டுவிடும்” என்போர் உளர். அவர்களுடைய அச்சத்தை மதிக்கின்றோம். ஆனால் வரலாறு அவர்கள் பக்கம் இல்லை.

மன்னார்த் தீவு 1560 இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களுடன் வந்த சமயத்தோடு ஐரோப்பாவின் அர்ச்சிட்டவர் வரலாறுகளும் அரசர் கதைகளும் வந்தன. நம் முன்னோர் அக்கதைகளை ஒப்பித்துவிட்டு ஓய்ந்திருக்கவில்லை. விருத்தமாகவும் தருவாகவும் அவற்றைத் தமிழ் யாப்பில் வார்த்து, மத்தளத்துக்கும் தாளத்துக்கும் இசைய ஆட்டுவித்தனர். ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ என்ற நாடகத்தின் பெயரையே பாருங்கள். ‘எம்பரதோர்’ என்பது பேரரசன் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் உரு. ஐரோப்பியப் பேரரசனின் கதை; பாட்டு தமிழ்ப் பாட்டு; ஆடியவன் மாதோட்டத்துக் கமக்காரன். நாம் இன்று பழைமை என்று கைகூப்பி வணங்குவது, ஒரு காலத்தில் எவரோ துணிந்து புதிதாக்கியதேயாகும்.

அதுமட்டுமன்று. மன்னாரில் நாடகம் என்றும் வாசாப்பு என்றும் இரு வகை உண்டு. நாடகம் விரிந்தது, பாட்டு மிகுந்தது, இரவுகள் பல கொள்வது. அதனைச் சுருக்கி, வசனம் கூட்டி, ஓரிரவில் முடியுமாறு அமைத்த வடிவமே வாசாப்பு. மாதோட்டப் பாங்கென்றும் யாழ்ப்பாணப் பாங்கென்றும் மெட்டு வேற்றுமை காட்டி ஆடியதும் இந்த மண்ணில்தான். காலத்துக்கும் கைப்பொருளுக்கும் ஏற்பச் சுருக்கவும் மாற்றவும் நம் அண்ணாவிமார்க்குத் தெரிந்திருந்தது. எனவே ‘மாற்றலாமா?’ என்று கேட்பது காலங்கடந்த கேள்வி. ‘மாற்றுபவன் யார்? யாருடைய செலவில்?’ என்பனவே கேட்க வேண்டியவை.

1956 கற்பித்தது

இக்கேள்விக்கு அரசியற் பொருள் உண்டு என்பதை 1956 ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு யூன் மாதத்திலே தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரிலே கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ அரங்கேறியது. சிங்கள நாட்டார் ‘நாடகம’ வடிவத்தை எடுத்து, படித்த மக்கள் பார்க்கும் மேடைக்கு ஏற்பச் சரச்சந்திர புதிதாக்கினார். அந்த நாடகம வடிவமோ தமிழ்க் கூத்திலிருந்து கரையோரக் கத்தோலிக்கர் வழியாகச் சிங்களத்துக்குச் சென்றது. இதனை ஆராய்ந்து எழுதியவர் சரச்சந்திரவே, மறைத்தாரல்லர். ‘மனமே’ பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து ஆடப்பட்டு, சிங்கள நாடகத்தின் தலைவாயிலாகவே கொள்ளப்பட்டது.

இதைச் சொல்வது பொறாமையால் அன்று. சரச்சந்திர செய்தது நற்செயல்; பாராட்டுக்குரியது. தமிழ் மொழிக்கு அரசகருமத்தில் இடமில்லை என்று சட்டம் இயற்றிய அதே ஆண்டில், தமிழிலிருந்து சென்ற ஒரு கலைவடிவம் சிங்களத்தின் பெருமையாக எழுந்து நின்றது. நம் வடிவத்தின் மதிப்பைப் பிறர் அறிந்து முதலிட்டனர். நாம் அறிந்தோமா என்பதே வினா.

நம்மவரும் அறிந்தனர் என்பதற்குச் சான்று பேராசிரியர் சு. வித்தியானந்தன். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய அவர், பேராதனையிலிருந்த காலத்தில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை 1962 முதலாகச் சுருக்கிச் செப்பனிட்டு மேடையேற்றினார். விடியவிடிய ஆடியதை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கினார். நம் மன்னாருக்கு அவர் செய்த உதவி இதனினும் பெரிது. ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசவுந்தரி’ ஆகிய மன்னார்க் கூத்துகளை 1960 களில் பதிப்பித்து அச்சேற்றினார். பின்னர் வந்த போரிலும் இடப்பெயர்விலும் எத்தனையோ வீடுகளில் கூத்துக் கொப்பிகள் கூரையோடு எரிந்தன, வெள்ளத்தில் ஊறின, படகேறி மண்டபம் முகாம் சென்றவர்களின் மூட்டையில் இடமின்றிக் கைவிடப்பட்டன. அச்சில் வந்தவை பிழைத்தன. இவ்வொன்றே கணக்குக் கேட்போர்க்குப் போதிய விடை.

எனினும் பேராதனை வழி குறையற்றதன்று. நகர மேடைக்காகச் சுருக்கிய கூத்து நகரத்திலேயே தங்கிவிட்டது; ஊர்க் களரிக்கு அது திரும்பி வந்தது குறைவு என்று பின்வந்தோர் குறைகூறினர். மட்டக்களப்புச் சீலாமுனையில் 2000 க்குப் பின், சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் ஊரவரோடு சேர்ந்து வேறொரு வழியை நாடினர். கூத்தை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்துச் செம்மையாக்குவதை விடுத்து, எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை ஆடுவோரும் அண்ணாவியாரும் ஊர்ப்பெரியாரும் கூடிப் பேசி முடிவுசெய்து, ஊரிலேயே ஆடினர். இதனை மீளுருவாக்கம் என்றழைத்தனர். இவ்விரு வழிக்கும் இடையிலுள்ள வேறுபாடு கலைவேறுபாடு மட்டுமன்று. அதிகாரம் யார் கையில் என்ற வேறுபாடுமாகும்.

கணக்கைத் திறப்போம்

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கூத்தின் செலவு இருவகைப்படும். கண்ணுக்குத் தெரியும் செலவு ஒன்று: கொட்டகை, உடுப்பு, ஒப்பனை, ஒளி, ஒலிபெருக்கி, ஊர்தி, உணவு, அண்ணாவியார்க்குரிய சால்வையும் கைப்பொருளும். இவற்றுக்குப் பற்றுச்சீட்டு உண்டு. உதவி வழங்குவோர் பார்ப்பது இதனை மட்டுமே.

மற்றது கண்ணுக்குத் தெரியாத செலவு. கூத்துப் பழக்கம் ஒரு கிழமையில் முடிவதன்று. மாதக்கணக்காக இரவிரவாய் நடப்பது. பேசாலையிலும் வங்காலையிலும் உள்ள கடற்றொழிலாளி பழக்கத்துக்கு வரும் இரவு, அவன் கடலுக்குப் போகாத இரவு. அந்த இரவின் மீனுக்கு எவர் பற்றுச்சீட்டு எழுதுகின்றனர்? நானாட்டான், உயிலங்குளம், அடம்பன் பக்கத்துக் கமக்காரனுக்கு இத்துணை இடரில்லை. பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்குக் கட்டுக்கரைக்குளத்து நீர் எல்லா வயலுக்கும் எட்டாத மாதங்களில் அவனுக்கு ஓய்வும் உண்டு, கையில் சிறிது பணமும் உண்டு. அந்தக் காலம் பார்த்தே முன்னோர் கூத்து வைத்தனர். இன்று விழாவின் நாளை அலுவலகங்கள் குறிக்கின்றன; நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட்டாக வேண்டும் என்பதே அங்கு கணக்கு. அரிவாளும் வலையும் கேட்கப்படுவதில்லை.

பழைய ஊர்முறையில் இச்செலவு முழுவதும் பகிரப்பட்டது. நெல்லாகக் கொடுத்தவர் நெல்லாகவும், மீனாகக் கொடுத்தவர் மீனாகவும், தடியும் கிடுகும் கொடுத்தவர் அவையாகவும், ஒன்றும் இல்லாதவர் உடலுழைப்பாகவும் கொடுத்தனர். ‘கூத்து வைத்து நட்டப்பட்டோம்’ என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை. நட்டத்தைச் சுமக்கும் தனியொருவன் அங்கில்லை. அம்முறை குலைந்த பின், அண்ணாவியார் கடன்பட்டு உடுப்பு எடுப்பதும், இரண்டு இளைஞர் தம் கைக்காசைப் போட்டு ஒலிபெருக்கி பேசுவதும், விழா முடிந்தபின் வருவதாகச் சொன்ன உதவி வராமற்போவதும் வழக்கமாயின. அடுத்த ஆண்டு அந்த இளைஞர் கூத்தென்றால் காததூரம் ஓடுகின்றனர். இவர்களைப் பற்றில்லாதவர் என்று மேடையில் நின்று ஏசுவது எந்த நீதி?

ஒருவர் தலையில் எல்லா இடரையும் ஏற்றினால் என்னாகும் என்பதை நம் கடலே காட்டியிருக்கின்றது. அரிப்புக்கு அப்பாலுள்ள முத்துப்படுகைகளில் 1905 இல் பெருவாரியான சிப்பி கிடைத்தது. அவ்வரவைக் கண்டு 1906 இல் இலண்டன் நிறுவனமொன்று அப்படுகைகளை இருபது ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக் குத்தகை மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா. 1907 இன் பின் சிப்பி இல்லை. 1912 அளவில் அந்நிறுவனம் கலைந்தது. ஓராண்டின் பெருவரவை என்றும் நிலைப்பதாக எண்ணி, முழுப் பாரத்தையும் ஒரு தோளில் ஏற்றியதன் பயன் அது. ஓரிரவு ஒரு மண்டபம் நிறைந்துவிட்டதைக் கண்டு, அடுத்த கூத்துக்குப் பெருங்கடன் படும் அன்பர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் சொல்வது

கணினி விளையாட்டுக்கு உரிமையாளன் ஒருவன் உண்டு. அவன் விரும்பினாற் புதிதாக்குவான், விரும்பாவிட்டாற் பூட்டிவைப்பான். ஆயிரம் அன்பர் அழுதாலும் அவன் அனுமதியின்றித் தொட முடியாது. நம் கூத்துக்கு அந்தத் தடை இல்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கியோனின் உரிமை அவன் வாழ்நாளும் அதன்பின் எழுபது ஆண்டும் நிலைப்பது. பழம்புலவர் பாடிய கூத்துகள் அக்காலத்தைக் கடந்தவை. அச்சிடவும் ஆடவும் சுருக்கவும் எவர்க்கும் உரிமை உண்டு.

அதே சட்டத்தின் 24 ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்குத் தனிப் பாதுகாப்புக் கூறுகின்றது. மரபான சூழலுக்கு வெளியேயோ வணிக நோக்கிலோ அவற்றைப் படியெடுக்கவோ பரப்பவோ மாற்றவோ விரும்புவோர் அனுமதி பெற வேண்டும். அனுமதிக்குக் கட்டணம் விதித்தால் அது பண்பாட்டு வளர்ச்சிக்கே செல்ல வேண்டும். ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. ஆனால் அனுமதி கொடுக்கும் அதிகாரியைக் குறிப்பவர் கொழும்பிலுள்ள அமைச்சர். கூத்தைக் காத்து வந்த ஊருக்கு அங்கே வாயுமில்லை, வாக்குமில்லை. நமது மாகாணத்தின் நிலையோ, 2013 இல் தெரிவான வடமாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. தன் கூத்தைப் பற்றித் தானே முடிவுசெய்யும் அதிகாரம் இல்லாத மக்களுக்குத் தன்னாட்சி என்ற சொல் எங்ஙனம் பொருள் தரும்?

எதிர்வாதங்கள்

“2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் வெள்ளம் வயலையும் மாட்டையும் கொண்டுபோயிற்று, காற்றாலைக்கும் கனிமணலுக்கும் எதிராக மக்கள் தெருவில் நின்றனர், இவ்வேளையிற் கூத்துக்குப் பணமா?” என்று கேட்பர். நியாயமான கேள்வி. நிவாரணப் பணத்தில் ஒரு சதமும் இதற்கு எடுக்கலாகாது என்பதில் எமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆயின் மண்ணைக் காக்கத் தெருவில் கூடிய மக்களைக் கூட்டியது எது? ஒரே ஊரவர், ஒரே கரையார், ஒன்றாய் இரவு விழித்தவர் என்ற உணர்வன்றோ? அவ்வுணர்வை வளர்த்த களங்களில் கூத்துக் களரியும் ஒன்று.

“இளைஞர் கைப்பேசியை விட்டு வருவாரா?” என்பர். அவர்கள் கைப்பேசியில் ஆடுவதும் பழையதைப் புதிதாக்கிய விளையாட்டுகளையே. பழைமையை அவர்கள் வெறுக்கவில்லை. பழைமையை அரைகுறையாகப் பரிமாறுவதையே வெறுக்கின்றனர்.

“இது கத்தோலிக்கர் கூத்தன்றோ, எல்லோர் பணமும் ஏன்?” என்றும் சிலர் மெல்லக் கேட்பர். திருக்கேதீச்சரத்தின் தேவாரம் சைவருக்கு மட்டும் உரிய தமிழா? மன்னார்க் கூத்தின் தமிழ் எல்லாத் தமிழர்க்கும் உரியது. இதே நீதியின்படி எருக்கலம்பிட்டி, முசலிப் பகுதி முஸ்லிம் மக்களின் கலைகளும் இம்முயற்சியில் இடம்பெற வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு நெடுங்காலம் புத்தளத்தில் அகதிகளாயிருந்த அம்மக்களின் பாட்டும் ஆட்டமும் மன்னாரின் சொத்தே.

செய்யத்தக்கவை

முதலாவது, புதிதாக்கும் முன் பழையதைப் பத்திரப்படுத்த வேண்டும். உயிரோடுள்ள அண்ணாவிமாரிடம் முழுக் கூத்தையும், ஒரு தரு விடாமல், மெட்டோடும் ஆட்டத்தோடும் பதிவு செய்தல். எஞ்சிய கொப்பிகளைப் படமெடுத்தல். 2005 முதல் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றின் துணையைப் பெறலாம். இதற்குச் செலவு சிறிது; நட்டம் என்ற பேச்சே இல்லை. பின்னர் எத்துணைதான் சுருக்கினாலும் மூலம் அழியாது. பழையதை அழித்துப் புதியதை விற்ற நிறுவனத்தின் கதி நமக்கு வேண்டா.

இரண்டாவது, முதல் ஊரிலும் வெளியூரிலும் சிறுபங்குகளாகத் திரட்டப்பட வேண்டும். கமக்காரர் அமைப்புகளும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் பணப்பொறுப்பை ஏற்கட்டும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள மன்னார் மக்கள் ஒருவரே பெருந்தொகை கொடுத்துப் பெயர்ப்பலகை வைப்பதிலும், நூறு பேர் சிறுதொகை கொடுப்பது மேல். குறித்த தொகை சேராவிடின் கூத்துத் தொடங்கலாகாது. சேர்ந்த பணம் உரியவர்க்குத் திரும்ப வேண்டும்.

மூன்றாவது, எழுத்தில் ஓர் உடன்படிக்கை வேண்டும். அண்ணாவியார்க்கு எவ்வளவு, எப்போது. தொழிலை விட்டு வரும் ஆட்டக்காரனுக்கு இரவொன்றுக்கு எவ்வளவு. பதிவு செய்த படத்தை எவர் விற்கலாம், வருவாயில் ஊருக்குப் பங்கு எவ்வளவு என்பவை அதில் இருக்க வேண்டும். ‘நம்மவர்க்குள் எழுத்தெதற்கு?’ என்பது, கொடுக்க மனமில்லாதவன் வாயில் முதலில் வரும் சொல்.

நான்காவது, உள்ளூராட்சிச் சபைகள் நட்டத்துக்குப் பிணை நிற்க வேண்டும். 2025 மே 6 ஆம் நாள் நடைபெற்ற தேர்தலின் பின் மன்னார் நகரசபையும், மன்னார், மாந்தை மேற்கு, நானாட்டான், முசலிப் பிரதேச சபைகளும் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளுடன் இயங்கத் தொடங்கின. விழாவுக்கென்று மொத்தப் பணம் கொடுப்பதைவிட, நேர்மையாக நடத்திய கூத்தில் வரவு போதாதுபோனால் ஓர் எல்லைவரை குறையை ஈடுசெய்வோம் என்று வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுதினாற் போதும். கூத்து வெற்றியடைந்தால் சபைக்குச் செலவில்லை. தோற்றால் அண்ணாவியார் கடன்காரர் ஆவதில்லை.

ஐந்தாவது, முதல் ஆட்டம் ஊரில். அதன்பின்னரே யாழ்ப்பாணம், கொழும்பு, கடல்கடந்த நாடுகள். எதைச் சுருக்குவது என்பதை, அந்தக் கூத்தை முன்பு விடியவிடியப் பார்த்த முதியவர் முன்னிலையில் ஆடிப்பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். அவர்கள் முகஞ்சுளித்தால் நகரத்துக் கைதட்டலால் பயனில்லை.

தமிழர் அரசியல் பேசுவோர் கலையைக் கூட்டத்தின் தொடக்கத்துக்கான பொழுதுபோக்காகக் கருதும் வழக்கம் ஒழிய வேண்டும். மொழியுரிமை கேட்பவன் அம்மொழியில் எழுந்த ஆக்கத்தைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். அப்பொறுப்பில் பணமும் அடங்கும்; பணத்தின் நட்டமும் அடங்கும். அந்நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் மக்களாக மன்னார் மக்கள் முன்பு இருந்தனர். வருகின்ற அறுவடை முடிந்து களம் ஒழியும் நாளுக்குள், ஒவ்வோர் ஊரிலும் ஐவரோ அறுவரோ கூடி, தம்மூர்க் கூத்தில் எது எஞ்சியிருக்கின்றது, அது யாரிடம் இருக்கின்றது என்று ஒரு பட்டியல் எழுதட்டும். அண்ணாவிமார் பலர் முதுமையெய்திவிட்டனர். பட்டியல் எழுதப் பணம் வேண்டியதில்லை. காலந்தாழ்த்தாமை ஒன்றே வேண்டும்.